மிச்சம் 4

ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேமில் நான் செத்து விழுந்ததும் திரையில் காட்டியது: சுட்டவனுக்கு மிச்சம் ஹெல்த் (உயிர்) 4.

முதலில் சுட்டது நான். குறியும் தப்பவில்லை. ஆனால் அவன் துப்பாக்கியில் உதறலைக் குறைக்கும் பிடி, நிறைய குண்டு பிடிக்கும் பெரிய மேகசின். நான் ரீலோட் செய்த அந்த இரண்டு நொடியில் கதை முடிந்தது.

அந்தப் பிடி எனக்கும் கிடைக்கும். நாள்கணக்கில் ஆடினால் இலவசம், பொறுமை இல்லையென்றால் காசு.

ஆடியே வாங்கலாமே என்பார்கள். சரி, அதுவரை தினமும் அடி வாங்குவது யார்? காசு கட்டியவன் சுட ஓர் ஆள் வேண்டுமே, அது நான்தான்.

2018 டிசம்பரில் இலவசமான கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற இன்னொரு கேமில் துப்பாக்கிக்கு விற்பது ஸ்கின்தான், அதாவது வெறும் வெளித்தோற்றம். எவ்வளவு பளபளத்தாலும் குண்டு அதே குண்டு. அங்கே தோற்றால் என்னையே திட்டிக்கொள்வேன். (நிறையவே.)

இங்கே யாரைத் திட்டுவது என்று யோசிப்பதற்குள் அடுத்த ஆட்டம் தொடங்கிவிட்டது.