மீன்களுக்கு ஒரு மழைக்கால டப்பா

நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வேளச்சேரியிலிருந்து, வளர்ப்பு மீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்குக் கிளம்பிவிட்டேன். கிண்டி தாண்டி 100 அடி ரோட்டைப் பிடித்தால் வடபழனி, கோயம்பேடு, பாடி என்று நேராகப் போய்விடலாம். வெயில் ஏறுவதற்குள் போனால்தான் அங்கே நின்று நிதானமாகப் பேசி வாங்க முடியும். பத்து மணிக்கு மேல் ஆக்சிஜன் பையில் மீனைத் தூக்கிக்கொண்டு குழந்தைகளும் பெரியவர்களுமாகத் தெருவே நிறைந்துவிடும்.

நான் மீன் வாங்கப் போகவில்லை. மருந்து, உப்பு, ஆன்டி குளோரின் (குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரினை முறிக்கும் மருந்து), பேட்டரி பம்ப் வாங்கப் போனேன். புரட்டாசி பிறந்ததும், மழைக்கு முன்பே, எங்கள் தொட்டி மீன்களுக்கு வேண்டியதை எல்லாம் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்துவிடுவேன். 2023 டிசம்பருக்குப் பிறகு ஒரு வருடமும் விட்டதில்லை.

அந்த டிசம்பரை வேளச்சேரிக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மிக்ஜாம் புயல். 4ஆம் தேதி காலையில் எங்களுக்குக் கரண்ட் போனது, 7ஆம் தேதி ராத்திரிதான் வந்தது. கீழ் வீட்டில் முழங்கால் தண்ணீர், நாங்கள் முதல் மாடி. ஹாலில் இரண்டடித் தொட்டி. அதில் நான்கு ஏஞ்சல், அடியில் மேயும் ஐந்து கோரி, ஆறு வாள்வால் மீன்கள். ஏஞ்சல்களை ஐந்து ரூபாய் நாணய அளவில் வாங்கி மூன்று வருடம் வளர்த்திருந்தோம். என் மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கழற்றாமலேயே தொட்டி முன்னால் போய் நிற்பான். நான்கும் கண்ணாடி ஓரம் வந்து அவனைப் பார்க்கும்.

தண்ணீருக்குள் காற்றை விடும் பம்ப் நின்று சில மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பேட்டரியில் ஓடும் பம்ப் ஒன்று வீட்டில் இல்லை. குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். அப்படி ஊற்றினால் காற்று கொஞ்சம் கலக்கும். நான், கணவர், மாமா என்று முறை வைத்துச் செய்தோம். ராத்திரி இரண்டு மணிக்கு மாமா டார்ச்சை இடுக்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து ஊற்றிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இரண்டாம் நாள் விடியற்காலையில் பெரிய ஏஞ்சல் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது.

கரண்ட் வந்ததும் நான் செய்த தவறு, ஃபில்டரை அப்படியே போட்டுவிட்டது. மூன்றரை நாள் ஓடாமல் நின்ற ஃபில்டருக்குள், மீன் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா காற்றில்லாமல் செத்து, தண்ணீர் அழுகியிருக்கும். அதைக் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிய பிறகுதான் ஓட விட வேண்டும். எனக்கு அப்போது தெரியாது. நாற்றத் தண்ணீர் முழுக்கத் தொட்டிக்குள் போனது. பயந்துபோய்ப் பாதித் தண்ணீரை மாற்றினேன். சம்ப்பில் வெள்ளம் கலந்திருந்ததால் கழுவிவிட்டு லாரித் தண்ணீர் இறக்கியிருந்தார்கள். குழாயைத் திறந்தாலே ப்ளீச்சிங் பவுடர் வாசனை அடித்தது. ஆன்டி குளோரின் பாட்டிலில் அடியில் ஒட்டியிருந்ததுதான் மிச்சம்.

ஒரு வாரத்தில் வாள்வால்களின் மேல் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். பக்கத்தில் அன்றைக்குத் திறந்திருந்தது ஒரே ஒரு கடை. "அக்கா, இதை ஊத்துங்க, நாளைக்கே சரியாயிடும்" என்று ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்தார்கள். பச்சை நிறத் திரவம். லேபிள் இல்லை, தேதி இல்லை, லிட்டருக்கு எத்தனை சொட்டு என்பதும் இல்லை. "ஒரு மூடி ஊத்துங்க" என்றார்கள். ஊற்றினேன். மறுநாள் காலை கோரி ஐந்தும் அடியில் மல்லாந்து கிடந்தன. கோரிக்கு மற்ற மீன்களைப் போல் செதில் கிடையாது. புள்ளிக்கு விற்கும் பச்சை மருந்துகளை அதற்குப் பாதி அளவில்தான் கொடுக்க வேண்டும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த ஐந்தும் புயலைத் தாண்டி வந்தவை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ஒயிட் ஸ்பாட் என்கிற இந்த வெள்ளைப் புள்ளி நோய் பற்றி அதற்குப் பிறகு தேடித் தேடிப் படித்தேன். அந்தக் கிருமி மீனின் தோலுக்குள் புதைந்திருக்கும்போது பெரும்பாலான மருந்துகள் அதைத் தொடாது. வளர்ந்து முற்றியதும் மீனை விட்டு உதிர்ந்து, கற்களுக்கு இடையில் கூடு கட்டி, ஒன்று நூற்றுக்கணக்காகப் பெருகும். அந்தக் குஞ்சுகள் கூட்டை உடைத்துக்கொண்டு வேறு மீனைத் தேடி நீந்துகிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் மருந்துக்கு அகப்படும். அதனால்தான் புள்ளி மறைந்தது என்று மருந்தை நிறுத்தக் கூடாது. மறைந்த புள்ளி செத்துவிடவில்லை, கீழே போய்ப் பெருகிக்கொண்டிருக்கிறது. கடைசிப் புள்ளி போன பிறகும் ஒரு வாரமாவது தொடர வேண்டும். தண்ணீர் சூடாக இருந்தால் இந்தச் சுழற்சி வேகமாக முடியும். 30 டிகிரியை ஒட்டி வைத்தால் அது பெருகவே திணறும். சென்னையில் மே மாதம் தொட்டித் தண்ணீர் தானாகவே 30 டிகிரியைத் தொடும். எங்கள் வீட்டில் கோடையில் இந்த நோய் வந்ததே இல்லை. மழையில் தண்ணீர் குளிரும் கார்த்திகை, மார்கழியில்தான் வரும். நோய் கண்ணில் பட்ட பிறகு மழைக்குள் கடை தேடி அலைந்தால் இரண்டு நாள் போய்விடும். செவுளில் ஒட்டிய புள்ளிக்கு, மீனைக் கொல்ல அந்த இரண்டு நாளே போதும்.

சரி, டப்பாவுக்கு வருகிறேன். மூடி இறுக்கமாக இருக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பா. அதில் மருந்து என்று சொல்லக்கூடியது குறைவுதான்.

முதலில் கல் உப்பு, ஒரு கிலோ, வேறு எதுவும் சேர்க்காதது. மளிகைக் கடையிலேயே கிடைக்கும். புள்ளி தெரிந்தவுடன் லிட்டருக்கு 2 கிராம் கணக்கில், தனியாகக் கரைத்து, இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஹீட்டரைச் சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரியாக ஏற்றுவேன். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் காற்றைக் கூட்டி வைப்பேன். இந்த உப்பும் சூடுமே எங்களுக்குப் பலமுறை போதுமானதாக இருந்திருக்கிறது. தொட்டியில் கோரி இருந்தால் லிட்டருக்கு ஒரு கிராமோடு நிறுத்திக்கொள்வேன். செடிகளுக்கும் உப்பு ஆகாது.

ஆனால் லிட்டர் எவ்வளவு என்று சரியாகத் தெரிய வேண்டுமே. எங்கள் தொட்டி இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். கணக்குப் போட்டால் 70 லிட்டர் வருகிறது. கற்கள், மரத்துண்டு, மேலே விட்ட இடைவெளி எல்லாம் போக உண்மையில் எவ்வளவு என்று பார்க்க, தொட்டியைக் காலி செய்த ஒருநாள் 20 லிட்டர் வாட்டர் கேனால் நிரப்பினேன். இரண்டே முக்கால் கேன்தான் பிடித்தது, அதாவது 55 லிட்டர். 70 என்று நம்பி மருந்து போட்டிருந்தால் கால் பங்குக்கு மேல் கூடுதலாகப் போயிருக்கும். அந்த 55-ஐ டப்பா மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். சொட்டுக் கணக்குக்கு ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் இரண்டு, மெடிக்கலில் வாங்கியது.

ஆன்டி குளோரின் இரண்டு பாட்டில். ஒன்று எப்போதும் திறக்காததாக இருக்க வேண்டும். ஆன்டி குளோரினாக வேலை செய்யும் சோடியம் தயோசல்ஃபேட்டைப் படிகமாக வாங்கினால் மலிவுதான், ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் கசிந்து கட்டியாகிவிடுகிறது. நான் திரவமாகவே வாங்குகிறேன்.

மெத்திலின் ப்ளூ என்கிற நீல மருந்து, சின்ன பாட்டில் ஒன்று. பூஞ்சைக்கும் முட்டைக்கும் நல்லது. பெரிய தொட்டியில் மட்டும் ஊற்றவே மாட்டேன். செடி வாடும், ஃபில்டர் பாக்டீரியா கெடும், மூலை சிலிக்கான் நீலமாகிவிட்டால் பிறகு போகாது. அதற்கென்று ஒரு 20 லிட்டர் டப், பெரிய தொட்டியிலேயே எப்போதும் ஓடுகிற ஒரு குட்டி ஸ்பாஞ்ச் ஃபில்டர். நோய் வந்த மீனையும் அந்த ஃபில்டரையும் சேர்த்து டப்புக்கு மாற்றினால் நல்ல பாக்டீரியாவும் கூடவே போகும். மருந்து போடும் நாட்களில் ஃபில்டரில் கார்பன் (கரித் துண்டுகள்) இருந்தால் எடுத்துவிடுங்கள், போட்ட மருந்தை எல்லாம் அது உறிஞ்சிவிடும்.

எப்சம் உப்பு 100 கிராம், வயிறு ஊதினால். மீன் கழிவால் தண்ணீரில் சேரும் அமோனியாவை அளக்க டெஸ்ட் கிட் ஒன்று, அதற்கும் காலாவதி தேதி உண்டு, பார்த்து வாங்க வேண்டும். அப்புறம் செய்தித்தாளில் சுற்றிய வாதாம் இலைகள். தை, மாசியில் எங்கள் தெரு மரத்திலிருந்து சிவந்து பழுத்து உதிரும். மகன் பொறுக்கி வந்து கழுவிக் காய வைப்பான். தண்ணீரை லேசாகப் பழுப்பாக்கும். ஃபைட்டர் மீனுக்கு அது சுகம்.

ஆன்டிபயாடிக் மட்டும் வைப்பதில்லை. கொளத்தூரில் நேற்றும் ஒருவர், "அக்கா, கேப்சூல் ஒரு அட்டை வாங்கி வெச்சுக்கோங்க" என்று அன்பாகத்தான் சொன்னார். மீனுக்கு வரும் பல நோய்களுக்குக் காரணம் ஒட்டுண்ணியும் கெட்ட தண்ணீரும். அதற்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது, ஃபில்டர் பாக்டீரியாவைத்தான் கொல்லக்கூடும். லேபிள் இல்லாத பாட்டில் எதையும் கையால்கூடத் தொடுவதில்லை. "என்ன மருந்துண்ணே இது, எப்ப வரைக்கும் போடலாம்?" என்று கேட்பேன். பெயரும் தேதியும் அட்டையில் காட்டினால்தான் பர்ஸைத் திறப்பேன்.

டப்பாவைத் தொட்டி மேல் வைப்பதை நிறுத்திவிட்டேன். விளக்குச் சூடும் ஆவியும் மருந்தைக் கெடுக்கும். இப்போது படுக்கையறை அலமாரியின் கீழ்த்தட்டில், வெளிச்சம் படாமல் இருக்கிறது.

பேட்டரி பம்ப் நேற்று இரண்டு வாங்கினேன். ஒன்று எங்களுக்கு, ஒன்று இரண்டாம் மாடி அக்காவுக்கு. அவர்களிடம் இரண்டு கோல்ட்ஃபிஷ் இருக்கின்றன, ஏழு வருடத்து மீன்கள். வீட்டுக்கு வந்ததும் பெரிய செல் இரண்டு போட்டு, குழாயைத் தொட்டியில் விட்டுப் பார்த்தோம். மாமா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, குமிழி வருவதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் ஓட விட்டு அணைத்தேன். உள்ளேயே விட்டால் செல் கசிந்து பம்பைக் கெடுத்துவிடும் என்று மகன் அவற்றைக் கழற்றி, ஒரு பாலித்தீன் பையில் போட்டு, வாங்கிய தேதியை எழுதி டப்பாவுக்குள் வைத்தான்.