நின்றபடியே திருவிருந்து

அம்மாவின் பொருத்தனை போன ஞாயிற்றுக்கிழமை நிறைவேறியது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு சொந்தக் காலில் நடந்தால், வேலூர்க் கோட்டைக்குள் இருக்கிற பரிசுத்த யோவான் ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை படைப்பதாகவும், சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் துணைக்கு இருப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பதாகவும் வேண்டியிருந்தார்.

குடியாத்தத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு மூட்டுவலி. காலை மடக்கி, மடியில் முறத்தை வைத்து நாளெல்லாம் பீடி சுற்றினால் வேறென்ன வரும்? அந்தக் கூலியில் பத்தில் ஒரு பங்கை அம்மா ஹார்லிக்ஸ் டப்பாவில் போட்டுவிடுவார். சரியில்லை என்று கட்டுகளைக் கழித்துக் கூலியைக் குறைத்த வாரத்திலும் டப்பாவுக்குப் போட்ட பிறகுதான் அரிசி. எனக்கு அதில் கோபம்தான். சொன்னால் சிரிப்பார்.

பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே சூழ்ந்துகொண்டார்கள். "ரூம் வேணுமாக்கா? டாக்டரைச் சீக்கிரம் பார்க்கணுமா?" கையில் பையும் கூட ஒரு வயதானவரும் இருந்தால் நோயாளி என்று அவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். நோயோடு வருகிறவனிடம் பிடுங்குகிற இந்தப் பிழைப்பை என்னவென்று சொல்வது! கண்ணெதிரே தெரிகிற கோட்டைக்கு ஓர் ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார். "நடந்துடலாம் வா" என்று அம்மா கைத்தடியை ஊன்றிக் கிளம்பிவிட்டார். அகழியைத் தாண்டும்போது நல்ல வெயில். ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள், செல்ஃபி எடுக்கிறவர்கள் என்று ஒரே கூட்டம். பூ வைத்திருந்த ஒரு பாட்டி "பார்த்துப் போம்மா" என்று வழி விட்டார்.

1846-இல், கும்பெனி காலத்தில் கட்டின ஆலயம் அது. உள்ளே நுழைந்ததும் வெளிச் சத்தம் குறைந்துவிட்டது. பாட்டு, பிரசங்கம் எல்லாம் நன்றாக இருந்தன. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது, இயேசுவை நினைத்து அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துதான்.

அம்மாவுக்கு விவரம் தெரிந்த நாள் முதல் விடியற்காலை ஜெபம் முழங்காலில்தான். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "இனிமேல் முழங்காலில் நிற்க வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டார். நடை கிடைத்தது, முழங்கால் போயிற்று. வீட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சுவரோரம் சுருட்டி வைத்த ஜெபப் பாயை அவர் எடுத்து வைக்கவுமில்லை, விரிக்கவுமில்லை.

பீடத்துக்கு முன்னால் எல்லாரும் வரிசையாக முழங்காற்படியிட்டார்கள். நடுவில் அம்மா மட்டும் நின்றார். இடது கையின்மேல் வலது கையை வைத்து ஏந்தினார். பீடி இலை வெட்டிக் காய்த்துப்போன கட்டைவிரல் நடுங்கியது. போதகர் ஐயா ஒவ்வொருவரிடமும் குனிந்து அப்பம் கொடுத்து வந்தவர், அம்மாவிடம் வந்ததும் நிமிர்ந்து, அவர் முகத்தைப் பார்த்தே கொடுத்தார். அம்மாவின் உதடு அசைந்தது. என்ன ஜெபித்தார் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்புறம் லெமன் சாதமும் தயிர் சாதமும் பொட்டலங்களாக ஆஸ்பத்திரிக்கு எதிரே. நம்ம ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர், 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கின ஆஸ்பத்திரி அது. 'ஊழியங்கொள்ள அல்ல, ஊழியஞ்செய்யவே' என்ற வசனத்தின்மேல் நிற்கிறது. இன்றைக்கு அந்தத் தெருவில் தமிழைவிட வங்காளம்தான் அதிகம் காதில் விழுகிறது. மருமகனுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறேன் என்று ஒரு வங்காள அம்மா சைகையில் சொன்னார். இருவருக்கும் பாஷை தெரியாது. அம்மா தன் முழங்காலைத் தட்டிக் காட்டி, மேலே கை காட்டினார். அந்த அம்மா தயிர் சாதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். பக்கத்தில் உட்கார நம் அம்மாவால் முடியாது; நின்றுகொண்டே அவர் தலையைத் தடவிக் கொடுத்தார். பொட்டலம் தீர்ந்த பிறகும் அங்கேயே நின்றார்; நான்தான் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று இழுத்துவந்தேன்.

வலிக்குது என்று கத்தினாலும் விடாமல் நடக்க வைத்த பிசியோதெரபி தங்கச்சிக்கு, ரத்தம் கொடுத்த சித்தப்பா மகனுக்கு, ஆஸ்பத்திரி நாட்களில் எங்கள் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட எதிர்வீட்டுப் பாத்திமா அக்காவுக்கு, பேர் தெரியாத எத்தனையோ பேருக்கு, எல்லாரையும் அனுப்பின ஆண்டவருக்கு நன்றி. புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் அம்மா சாட்சி சொல்கிறார். வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டே வாருங்கள், சீக்கிரம் முடிக்க மாட்டார்.