பாட்டி சொன்னது எனக்குப் புரியவில்லை

இங்கிலாந்தில் நர்ஸாக வேலை பார்க்கும் நான் லீவுக்கு அம்பாசமுத்திரம் வந்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் நர்ஸாக வேலை பார்க்கும் பக்கத்துத் தெருத் தங்கச்சி நேற்று ஓஇடி என்ற, மருத்துவத் துறை ஆட்களுக்கான ஆங்கிலப் பரீட்சைப் புத்தகத்தோடு வந்து, “எக்கா, இங்கிலாந்து போக பரீட்சையெல்லாம் ரொம்பக் கஷ்டமா?” என்று கேட்டாள். அங்கே நர்ஸுகளைப் பதிவு செய்யும் என்எம்சி கேட்பது, ஓஇடியில் எழுத்தில் சி பிளஸ், வாசிப்பது, கேட்பது, பேசுவது மூன்றிலும் பி, அப்புறம் சிபிடி என்ற கம்ப்யூட்டர் பரீட்சை, கடைசியாக ஆஸ்கி என்ற, 10 ஸ்டேஷனில் செய்து காட்டும் பரீட்சை. உட்கார்ந்து படித்தால் முடிந்துவிடும்.

வார்டுதான் வேறு. போன புதிதில் ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, ‘ஸ்பெண்ட் எ பென்னி’ பண்ண வேண்டும் என்றார். ஏதோ காசு செலவழிக்கக் கேட்கிறார் என்று நான் அவருடைய பர்ஸைத் தேடினேன். பாத்ரூம் போவதை அந்தக் காலத்து ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். எனக்குப் புரிவதற்குள் படுக்கை நனைந்துவிட்டது, அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இத்தனை வருஷம் நோயாளிகளைப் பார்த்தவள் நான், அந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. அன்று ராத்திரி அம்மா போனில் “ஏட்டி, சாப்பிட்டியா?” என்றதும் அழுதுவிட்டேன்.

புரியவில்லை என்றால் வெட்கப்படாமல் திரும்பக் கேள், மானம் போகாது என்று தங்கச்சியிடம் சொன்னேன். அவள் புத்தக ஓரத்தில் ‘ஸ்பெண்ட் எ பென்னி’ என்று எழுதி, கீழே கோடு போட்டுக்கொண்டாள்.