பள்ளியின் கணக்கை ஊருக்கு வாசித்த அனுபவம்

2022-ஆம் ஆண்டு தமிழக அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டபோது, காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் குழுவுக்கு என்னைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். குழுவிலிருந்த 20 பேரில் 15 பேர் பெற்றோர். நான் ஒரு பலகாரக் கடையில் கணக்கு எழுதுகிறவள் என்பதால், "உனக்குத்தான் கணக்கு வழக்குத் தெரியுமே" என்று சொல்லி அந்தப் பொறுப்பை என் கையில் கொடுத்தார்கள்.

அப்போது மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பிற்பகலில் கூட்டம் நடந்தது. வருகிறவர்கள் நான்கைந்து பேர்தான். எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார்களில் பலர் ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கும் வண்ணக் கல், செய்யும் பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள். பிற்பகலில் பள்ளிக்கு வந்தால் அரை நாள் கூலி போய்விடும். வந்தவர்களும் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தலைமையாசிரியை வேகமாக வாசித்த விவரங்களில் பாதி எனக்கே விளங்கவில்லை. விளங்காத கணக்கில் கையெழுத்திடுவது கடையில் நான் ஒருநாளும் செய்யாத காரியம். ஆகவே மூன்றாவது மாதம் தலைமையாசிரியையிடமே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவரும் முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடுத்தார்.

அன்று அவர் காட்டியவற்றில் 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும் ஒன்று. அதன் 24-ஆம் பிரிவு, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் கண்ட முன்னேற்றம் ஆகியவற்றை ஆசிரியர் பெற்றோரை முறையாகக் கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும், மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும், வருகிற நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் குழுவின் வேலை என்று 21-ஆம் பிரிவு சொல்கிறது. டீச்சர் இரக்கப்பட்டுச் சொன்னால் கேட்டுக்கொள்வது என்றுதான் அதுவரை நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

கூட்டத்தை மாலை ஆறரை மணிக்கு, பட்டறைக்குப் பக்கத்துத் திண்ணையில் இன்னொரு முறையும் நடத்துவது என்று முடிவு செய்தோம். திருவிழா முடிந்ததும் கோயில் வரவு செலவை ஊர்க்கூட்டத்தில் வாசிப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அங்கே நின்று, "பந்தலுக்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்பார். பள்ளிக் கணக்கையும் அப்படியே வாசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

முதல் மாலையிலேயே ஒரு தவறு செய்தேன். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித்தரும் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளின் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் யார் யார் எந்த நிலை என்று ஒரு பெரிய தாளில் பெயரோடு எழுதி ஒட்டிவிட்டேன். ஒரு தாய் நேராக வேலையிலிருந்து வந்திருந்தார். விரல் இடுக்குகளில் சிவப்புக் காவிச் சாயம் காயாமல் இருந்தது. அரும்பு என்ற சொல்லுக்குக் கீழே மகளின் பெயரைப் பார்த்துவிட்டு, "அக்கா, அப்ப எம்புள்ள பெயிலா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் எழுந்து போய்விட்டார். அடுத்த இரண்டு கூட்டங்களுக்கும் அவர் வரவில்லை. ஒரு பிள்ளையின் நிலை அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியது; ஊருக்கு வாசிக்க வேண்டியது பள்ளியின் கணக்கு. இந்த வேறுபாடு அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனதற்காக இன்றும் வருந்துகிறேன்.

அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். அரும்பு என்பது தோல்வி இல்லை, பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கிச் சொல்லித்தர வேண்டும் என்று ஆசிரியருக்குக் கொடுக்கும் குறிப்பு என்று விளக்கினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், "தண்ணித் தொட்டியில கெடக்குற கல்லு மாதிரியா?" என்றார். அச்சிலிருந்து எடுத்த கல்லைச் சில நாள் தண்ணீரில் ஊறப்போட்டால்தான் அது இறுகும். நான் சுற்றி வளைத்துச் சொன்னதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். அதன் பிறகு மற்றத் தாய்மார்களுக்கும் அவருடைய சொல்லாலேயே விளக்கினேன்.

ஒரு தகப்பனார் தேசிய அடைவுத் தேர்வின் மாவட்ட விவரம் வந்த செய்தித்தாளைக் கொண்டுவந்து, நம் பள்ளி எத்தனையாவது இடம் என்று கேட்டார். அந்தத் தேர்வு 2021 நவம்பர் 12 அன்று 3, 5, 8, 10 ஆகிய வகுப்புகளுக்கு நடந்தது. நாடு முழுவதும் மாதிரிக்காகத் தேர்ந்தெடுத்த சுமார் 1.18 லட்சம் பள்ளிகளில் 34 லட்சம் மாணவர்கள் மட்டும் எழுதிய தேர்வு அது. எங்கள் பள்ளி அதில் இல்லை. மாவட்டம் எப்படி இருக்கிறது என்பதை அதிலிருந்து அறியலாம். நம் பள்ளியைப் பற்றி அதில் எதுவும் கிடையாது என்று சொன்னபோது அவருக்கு ஏமாற்றந்தான்.

அவருக்கு நான் காட்டியது, பள்ளிகளைப் பற்றி அரசு வைத்திருக்கும் யூடைஸ் என்ற தகவல் பதிவிலுள்ள விவரத்தை. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் உண்டு. ஆசிரியர், மாணவர் எண்ணிக்கை, வகுப்பறை, குடிநீர், கழிப்பறை எல்லாவற்றையும் பள்ளி ஆண்டுதோறும் அதில் பதிய வேண்டும். எண்ணைப் போட்டால் யாரும் கைப்பேசியிலேயே பார்க்கலாம். திண்ணையில் அதை வரிவரியாக வாசித்தேன். பெண் பிள்ளைகளுக்கான கழிப்பறை இரண்டு, பயன்பாட்டில் இருப்பது இரண்டு என்று வந்ததும், பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "ஒண்ணு பூட்டித்தானே கெடக்கு?" என்றார். மோட்டார் பழுதாகித் தண்ணீர் ஏறாததால் ஓராண்டாக அது பூட்டியே கிடந்தது. மொத்தம் எத்தனை, பயன்பாட்டில் எத்தனை என்று படிவம் தனித்தனியாகத்தான் கேட்கிறது. முந்தைய ஆண்டு எண்ணையே திரும்ப எழுதிவிட்டதாகத் தலைமையாசிரியை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். பயன்பாட்டில் இரண்டு என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டு, பழுது பார்க்கப் பணம் கேட்டால் மேலே இருப்பவர்கள் எதை நம்புவார்கள்?

அடுத்த ஆண்டு படிவத்தை அனுப்பும் முன் அவரே அதைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டு கூட்டங்களுக்கு வராதிருந்த அந்தத் தாயும் இன்னும் இரண்டு பெண்களும் எழுந்துபோய், கதவைத் திறந்து குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணுன்னு போடுங்க டீச்சர்" என்றார்கள். ஒன்று என்றே எழுதினோம். மோட்டாரைப் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் முதல் தேவையாகச் சேர்த்துத் தீர்மானம் போட்டோம். பணம் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு மாதமும் தீர்மான நோட்டில் முதல் வரியாக அதைத்தான் எழுதி வருகிறோம்.