வகுப்பறை மொழி மதிப்பீடு: ஹாங்காங் ஆசிரியை ஒருவரின் நாட்குறிப்பு

செப்டம்பர் 14

நான் பாடம் நடத்துவதை நேரில் பார்த்து என் ஆங்கிலத்தை மதிப்பிடும் வகுப்பறை மொழி மதிப்பீட்டுக்கான விண்ணப்பத்தை இன்று பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். வாசித்தல், எழுதுதல், கேட்டல், பேசுதல் ஆகிய நான்கு தாள்களிலும் ஏற்கெனவே தேறிவிட்டதால் எனக்கு மீதமிருப்பது இது ஒன்றுதான். ஆங்கில ஆசிரியையாகப் பணியில் சேர்ந்த இந்த முதல் ஆண்டுக்குள் இதிலும் தேறியாக வேண்டும். ஆங்கிலத்தில் பட்டமும், ஆங்கிலம் கற்பிப்பதற்கென்றே ஆசிரியர் பயிற்சியும் பெற்றவர்களுக்கு ஹாங்காங்கில் இந்தத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. நான் படித்தது கணிதம். அதனால் ஒவ்வொரு தாளாக எழுதித்தான் இந்த இடத்துக்கு வர முடிந்தது.

இந்த ஐந்தும் சேர்ந்த தேர்வின் முழுப்பெயர் ஆசிரியர்களுக்கான மொழித்திறன் மதிப்பீடு. ஆனால் ஆசிரியர் அறையில் இன்னமும் எல்லோர் வாயிலும் 'பெஞ்ச்மார்க்' என்ற பழைய பெயரே புழங்குகிறது. ஐந்து நிலைகளில் மூன்றாம் நிலையை எட்டினால் தேர்ச்சி. ஒரு தாளில் தவறினால் அந்தத் தாளை மட்டும் மறுபடி எழுதலாம் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, எழுதுதல் தாளை இருமுறை எழுதிய நான் நன்றாக அறிவேன்.

செப்டம்பர் 28

மதிய உணவு வேளையில், ஓய்வுபெற இரண்டே ஆண்டுகள் இருக்கும் மூத்த ஆசிரியை ஒருவர் என் அருகில் அமர்ந்து பழைய கதையைச் சொன்னார். மொழி ஆசிரியர்களுக்கு ஓர் அடிப்படைத் தகுதி அளவு வேண்டும் என்று கல்வி ஆணையத்தின் ஆறாவது அறிக்கை பரிந்துரைத்தது 1996-இல். 1998 செப்டம்பரில் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் சீன மொழிவழிக் கல்விக்கு மாற, 114 பள்ளிகள் மட்டுமே ஆங்கிலவழியில் தொடர அனுமதி பெற்றன. ஆங்கிலப் பாடவேளையைத் தவிர வேறெங்கும் ஆங்கிலம் காதில் விழாத பிள்ளைகள் பெருகிய அந்த நேரத்தில், அந்த ஒரு பாடவேளையில் ஆசிரியர் பேசும் மொழி எப்படி இருக்கிறது என்ற கேள்வி எழுந்தது இயல்புதான்.

ஆனால் அந்தத் தகுதி அளவு பணியில் இருந்தவர்கள் மீது இறங்கிய விதம் வேறு. இருபது ஆண்டுகள் பாடம் நடத்தியவர்களையும் தேர்வு எழுதச் சொன்னதால், 2000-ஆம் ஆண்டு ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள். அந்த ஊர்வலத்தில் இவரும் நடந்திருக்கிறார். 2001-இல் முதல் தேர்வு நடந்து முடிவு வெளியானபோது, எழுதுதல் தாளில் தேறியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே. அந்தச் செய்தி நாளிதழ்களில் வந்த வாரம், பேருந்தில் மாணவர்களின் பெற்றோரைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டதாகச் சொன்னார். கணிதமும் வரலாறும் கற்பித்தவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லையே என்ற வருத்தம் அவர் குரலில் இன்றும் இருக்கிறது. தேர்வு அவசியம் என்று நம்புகிற நானும், அந்த வருத்தம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

அக்டோபர் 12

எழுதுதல் தாளில் முதல்முறை நான் ஏன் தவறினேன் என்பதை எழுதி வைக்க வேண்டும், ஏனெனில் வகுப்பறை மதிப்பீட்டுக்குத் தயாராகும் இந்த நாள்களில் அதுவே எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

அந்தத் தாளில் இரண்டு பகுதிகள். முதலாவது கட்டுரை, அதில் எனக்குச் சிக்கல் இல்லை. இரண்டாவதில், மாணவர் எழுதிய ஒரு கட்டுரையைக் கொடுத்து, அதிலுள்ள பிழைகளைத் திருத்தச் சொல்வதோடு, அது ஏன் பிழை என்பதை இலக்கணக் கலைச்சொற்களோடு விளக்கவும் சொல்வார்கள். திருத்தங்கள் எனக்குச் சட்டென்று வந்தன, விளக்கங்கள் வரவில்லை. காதுக்குச் சரியாகப் படவில்லை என்பதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவுமில்லை.

முடிவு வந்த அன்று இரவு அப்பாவை அழைத்தேன். தென்காசிப் பக்கத்தில் அரசு உயர்நிலைப் பள்ளியில், தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர் அவர். இங்குள்ள பிள்ளைகள் அடிக்கடி எழுதும் ஒரு வாக்கியத்தைச் சொன்னேன்: "ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் வி வென்ட் அவுட்." 'பட்' வேண்டியதில்லை, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றேன்.

"எடுத்துட்டா சரியாயிடும், அது எனக்கும் தெரியும்மா. ஏன் எடுக்கணும்னு அந்தப் பையன் கேட்டா என்ன சொல்லுவே?"

நான் பேசாமல் இருந்தேன். "தமிழ்லயே யோசிச்சுப் பாரு. 'மழை பெஞ்சாலும் போனோம்'னு சொல்றோம். அந்த 'ஆலும்'லயே வேலை முடிஞ்சுபோச்சு. அப்புறம் ஓர் 'ஆனால்' எதுக்கு?" என்றார்.

அன்று அவர் திறந்துவிட்ட வழியிலேயே பிறகு நடந்தேன். 'ஆல்தோ' என்பது ஒரு வாக்கியத்தை மற்றொன்றின் கீழ் சார்பு வாக்கியமாக அமைக்கும் இணைப்புச் சொல். 'பட்' இரண்டு வாக்கியங்களைச் சமநிலையில் இணைப்பது. ஒன்று இருந்தால் மற்றதற்கு இடமில்லை. சீனத்திலோ இவ்விரண்டு சொற்களும் இணையாகவே வரும், அதனால் பிள்ளைகள் தம் மொழியின் ஒழுங்கை அப்படியே கொண்டுவருகிறார்கள். எண்ணுக்குப் பின் பன்மையை விட்டு அவர்கள் 'த்ரீ புக்' என்று எழுதும்போதும் எனக்கு வியப்பில்லை. 'மூன்று புத்தகம்', 'பத்து மரம்' என்று பிழையின்றிச் சொல்லக்கூடிய மொழியில் பிறந்தவள்தானே நானும். இரண்டாம் முறை அந்தப் பகுதியை எழுதியபோது கை நடுங்கவில்லை.

அக்டோபர் 30

என் பாடவேளை ஒன்றைக் கைப்பேசியில் பதிவு செய்து, இரவு முழுவதுமாகக் கேட்டேன். மதிப்பீட்டாளர் பார்ப்பது நான்கு கூறுகளை: இலக்கணத் துல்லியம், உச்சரிப்பும் அழுத்தமும் ஏற்ற இறக்கமும், மாணவரோடு உரையாடும் மொழி, கற்பிக்கும் மொழி. பாட உத்தியோ கரும்பலகை எழுத்தோ கணக்கில் வராது, மொழி மட்டுமே வரும்.

பதிவில் 'எவ்ரி' என்பது என் வாயில் 'யெவ்ரி' ஆகவே ஒலித்தது. சொல்லின் முதலில் வரும் எகரத்துக்கு முன் மெல்லிய யகரத்தைச் சேர்க்கும் நம் ஊர்ப் பழக்கம் அது. அதைக் காட்டிலும் கடினமானது அழுத்தம். 'ரெக்கார்ட்' என்ற சொல் பெயராக வந்தால் முதல் அசையிலும், வினையாக வந்தால் இரண்டாம் அசையிலும் அழுத்தம் விழ வேண்டும். அழுத்தத்தால் சொல்லின் பொருளோ வகையோ மாறாத தமிழில் வளர்ந்த காதுக்கு, அந்த வேறுபாட்டைக் கேட்கவே முதலில் பழக்கம் வேண்டும். பள்ளி இருக்கும் குவுன் டோங்கிலிருந்து வீடு திரும்பும் ரயிலில் இப்படிப்பட்ட நாற்பது சொற்களை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வருகிறேன்.

நவம்பர் 9

நாள் குறித்துவிட்டார்கள்: நவம்பர் 21, இரண்டாம் படிவ (நம் ஊர் எட்டாம் வகுப்பு) மாணவர்கள், நான்காம் பாடவேளை.

நவம்பர் 21

முடிந்தது.

செல்லப் பிராணிகள் பற்றிய வாசிப்புப் பாடம். மதிப்பீட்டாளர் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். முதல் பத்து நிமிடங்கள், நான் ஒத்திகை பார்த்த வாக்கியங்களே வரிசையாக வந்தன. சரியாகவும் வந்தன, ஆனால் வகுப்பு அசையவில்லை. பிறகு ஜன்னலோரப் பையன் ஒருவன் எழுந்து, "ஐ வெரி லைக் டாக்ஸ்" என்றான். திருத்திச் சொன்னேன். அவன் உட்காரவில்லை. 'வெரி ஹேப்பி' என்று சொல்லலாம் என்றால் 'வெரி லைக்' என்று ஏன் சொல்லக்கூடாது என்று, பாதி ஆங்கிலத்திலும் பாதி கான்டனீஸிலுமாகக் கேட்டான்.

என் பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை. ஆனால் அவன் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்தது. அவன் மொழியில் ஒரே சொல் 'மிகவும் நல்லது' என்பதற்கும் 'மிகவும் பிடிக்கும்' என்பதற்கும் பொருந்துகிறது. என் மொழியிலும் அப்படித்தான். கரும்பலகையில் இரண்டு பத்திகள் போட்டு, 'ஹேப்பி', 'டயர்டு', 'பிக்' ஆகியவற்றை இடப்பக்கமும், 'லைக்', 'லவ்', 'என்ஜாய்' ஆகியவற்றை வலப்பக்கமும் எழுதி, எந்தப் பக்கத்துச் சொற்களுக்கு முன் 'வெரி' வர முடியும் என்று வகுப்பையே கேட்டேன். இடப்பக்கம் மட்டும் என்று மூன்று நான்கு குரல்கள் வந்தன. ஒரு சிறுமி, இடப்பக்கத்தில் இருப்பவை பெயரடைகள் என்று தானே சொன்னாள். வினையோடு வரும்போது 'வெரி மச்' ஆகி வாக்கியத்தின் கடைசிக்குப் போகும் என்று முடித்தபோது, மதிப்பீட்டாளர் அறையில் இருந்ததையே நான் மறந்திருந்தேன்.

ஏழெட்டு நிமிடங்கள் அதற்கே போய்விட்டன. ஒத்திகை பார்க்காத அந்த நிமிடங்களில் என் வாக்கியங்களில் ஓரிடத்தில் ஒருமை பன்மை பிசகியது, உடனே திருத்திக்கொண்டேன். முடிவு பிறகுதான் வரும்.

மாலையில் அப்பாவிடம் சொன்னேன். "அந்தப் பையன் உட்கார்ந்தானா?" என்று மட்டும் கேட்டார். உட்கார்ந்தான் என்றேன்.

நவம்பர் 24

வீட்டுப்பாட நோட்டுகள் திருத்தினேன். அதே பையன் எழுதியிருக்கிறான்: "ஐ லைக் வெரி மச் டாக்ஸ்." வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவில் அடையை நுழைத்துவிட்டான். கடைசிக்குப் போகும் என்று நான் சொன்னதை, வினையின் கடைசி என்று எடுத்துக்கொண்டிருக்கிறான் போலும். என் விளக்கத்தில்தான் அந்த இடைவெளி இருந்திருக்கிறது. கோடிட்டுவிட்டு, திருத்தத்தை எழுதாமல், கீழே இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன். நாளை இரண்டாம் பாடவேளையில் 'டாக்ஸ்' என்ற சொல்லை ஓர் அட்டையிலும் 'வெரி மச்' என்பதை இன்னோர் அட்டையிலும் எழுதி எடுத்துப்போக வேண்டும்.