டிஸ்ஃபேஜியாவும் டிஸ்ஃபேஸியாவும்

குழித்துறைக்கு அருகிலுள்ள எங்கள் ஊரிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, களியக்காவிளையில் கேரள அரசுப் பேருந்துக்கு மாறி, திருவனந்தபுரத்திலுள்ள ஒரு மருத்துவமனைக்குச் செவிலியர் பணிக்குச் செல்வது ஆறு ஆண்டுகளாக என் வழக்கம். வீட்டில் தமிழும் வார்டில் மலையாளமும் பேசினாலும் நோயாளியின் கோப்பில் நாள்தோறும் எழுதுவது ஆங்கிலம்தான் என்பதால், பிரிட்டனில் செவிலியராகப் பதிவு பெறுவதற்குரிய ஓ.ஈ.டி. (மருத்துவத் துறையினருக்கான ஆங்கில மொழித் தேர்வு) பெரிய தடையாக இருக்காது என்று நம்பியிருந்தேன். 2022ஆம் ஆண்டு முதல் முறை எழுதியபோது மற்ற மூன்று பகுதிகளும் தேறின. படித்தல் பகுதியில் வேண்டியிருந்தது 350, எனக்குக் கிடைத்தது 330.

அந்தப் பகுதியின் முதல் பிரிவில் 20 கேள்விகளுக்கு 15 நிமிடங்களுக்குள் விடை எழுத வேண்டும். எழுத்துப்பிழையோடு எழுதிய விடைக்கு மதிப்பெண் இல்லை. எந்தக் கேள்வியில் தவறினோம் என்று முடிவுத்தாள் சொல்வதில்லை என்றாலும், நீண்ட சொல் ஒன்றைக் கண்டதும் நின்று நின்று படித்ததே என் நேரத்தைத் தின்றது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. பயிற்சி நிலையத்தில் தந்த சொற்பட்டியல் அகர வரிசையில் இருந்தது. பேருந்தில் பாறசாலை தாண்டும் முன் படித்த சொல் பாலராமபுரம் வருவதற்குள் மறந்துவிடும்.

வழியை மாற்ற வைத்தது என் கையால் நேர்ந்த ஒரு பிழை. பக்கவாதத்தில் சேர்ந்திருந்த முதியவர் ஒருவருக்கு விழுங்குவதில் சிரமம் இருந்தது. அதன் பெயர் டிஸ்ஃபேஜியா. டூட்டி மாறும்போது எழுதிய குறிப்பில் 'ஜி' வர வேண்டிய இடத்தில் 'எஸ்' எழுதி, அதை டிஸ்ஃபேஸியா ஆக்கிவிட்டேன். அதற்குப் பேசுவதில் சிரமம் என்று பொருள். குறிப்பை நம்பி அடுத்த செவிலியர் அவருக்கு வாய் வழியாகத் தண்ணீர் கொடுக்கப் போனபோது, எங்கள் பக்கத்துக்காரரான அவருடைய மனைவி, "மக்களே, அவருக்கு வெள்ளம் எறங்காது கேட்டியா" என்று தடுத்திருக்கிறார். அந்த அம்மச்சி அருகில் இல்லாதிருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் போயிருக்கும்.

அன்றிரவு இரண்டு சொற்களையும் பிரித்துப் பார்த்தேன். 'டிஸ்' என்பது கிரேக்கத்தில் கெட்டது, கடினமானது என்னும் பொருள் தரும் முன்னொட்டு. 'ஃபேக்' என்பது உண்ணுதல். 'ஃபேஸிஸ்' என்பது பேச்சு. இதை அறிந்ததும், உணவுக்குழாயைக் குறிக்கும் ஈசோஃபேகஸ், கிருமியை விழுங்கும் அணுவான ஃபேகோசைட் ஆகிய சொற்கள் தாமாகவே வந்து பக்கத்தில் அமர்ந்தன. மூச்சுத்திணறலுக்கு டிஸ்ப்னியா, நீர்க்கடுப்புக்கு டிஸ்யூரியா. சிறு வயதிலிருந்து கேட்ட டிசென்ட்ரிகூட 'டிஸ்' என்பதோடு குடலைக் குறிக்கும் 'என்டெரான்' சேர்ந்த சொல்தான் என்று கண்டபோது, இத்தனை நாள் பட்டியலை மனப்பாடம் செய்து வீணாக்கிய காலத்துக்காக உண்மையாகவே வருந்தினேன். நாம் நீரிழிவு, நீர்க்கோவை, நீர்க்கடுப்பு என்னும் சொற்களைத் தனித்தனியாகவா மனப்பாடம் செய்தோம்?

அதன் பிறகு நோட்டுப் புத்தகத்தில் ஓர் எழுத்துக்கூட்டத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். அழற்சியைக் காட்டும் 'ஐட்டிஸ்' பக்கம் ஒரே நாளில் நிரம்பிவிட்டது. இரத்தத்தைக் குறிக்கும் 'ஈமியா' பக்கத்தில் அனீமியா, லுக்கீமியா, செப்டிசீமியா ஆகியவை சேர்ந்தன. அதிக நாள் பிடித்தவை அறுவைச் சிகிச்சைப் பெயர்கள். 'எக்டமி' என்று முடிந்தால் உறுப்பை வெட்டி வெளியே எடுத்தாயிற்று என்று பொருள். ஹிஸ்டெரெக்டமி என்றால் கருப்பை அகற்றல். வெறும் 'ஓடமி' என்றால் வெட்டித் திறப்பது மட்டுமே. வயிற்றைத் திறந்து பார்க்கும் லேப்பரோடமி அப்படிப்பட்டது. 'ஆஸ்டமி' என்பதில் இருப்பது ஸ்டோமா, அதாவது கிரேக்கத்தில் வாய். கொலாஸ்டமி என்றால் பெருங்குடலுக்கு வயிற்றின் மேல் புதிதாக ஒரு வாய் அமைப்பது. வார்டில் நாள்தோறும் ஸ்டோமாவைச் சுத்தம் செய்துவந்த எனக்கு, அந்தப் பெயரின் பொருள் அதுவரை தெரியாது.

இந்த முறையிலும் ஏமாறும் இடங்கள் உண்டு, அவற்றுக்கென்று தனிப் பக்கம் வைத்தே ஆக வேண்டும். பெடல் என்னும் சொல்லில் வரும் 'பி, இ, டி' என்ற மூன்றெழுத்து, லத்தீனில் காலைக் குறிப்பது. பீடியாட்ரிக்ஸ் என்பதிலும் அதே எழுத்துகள் வந்தாலும் அது கிரேக்கத்தில் குழந்தையைக் குறிக்கும் வேறொரு வேர். சிறுகுடலின் கடைப்பகுதியான இலியத்துக்கும் இடுப்பெலும்பான இலியத்துக்கும் ஒலி ஒன்றே; ஆங்கிலத்தில் எழுதும்போது குடலுக்கு நடுவில் 'இ' (e), எலும்புக்கு 'ஐ' (i). குறைவைக் காட்டும் ஹைப்போவையும் மிகையைக் காட்டும் ஹைப்பரையும் அவசரத்தில் மாற்றி எழுதினால், சர்க்கரை இறங்கிய நோயாளிக்குச் சர்க்கரை ஏறியதாகக் குறிப்பு போய்விடும். இந்தப் பக்கத்தை மட்டும் தினமும் கையால் எழுதிப் பார்த்தேன். கண்ணால் படித்தது எனக்குப் போதவில்லை.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். பேசுதல் பகுதியில் நோயாளியாக நடிப்பவரிடம் இந்தச் சொற்களை அப்படியே சொல்லக் கூடாது, எளிய பேச்சில் விளக்க வேண்டும். பெயரைப் பிரித்துப் பழகியதால், விழுங்கச் சிரமம், மூச்சுவிடச் சிரமம் என்று விளக்கம் சொல்லுக்குள்ளேயே எனக்குத் தயாராக இருந்தது.

2023ஆம் ஆண்டு இரண்டாம் முறை எழுதியபோது படித்தல் பகுதியில் 380 கிடைத்தது. நோட்டுப் புத்தகம் இப்போது, செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டிலிருக்கும் என் சித்தி மகளிடம் இருக்கிறது. உடலின் ஒரு பாதி செயலிழப்பது ஹெமிப்ளீஜியா என்றால், பாதி நினைவோடு இருப்பவரை ஏன் 'செமி' போட்டு எழுதுகிறார்கள் அக்கா என்று போன வாரம் கேட்டாள். ஹெமி கிரேக்கம், செமி லத்தீன், இரண்டும் பாதிதான் என்றேன். அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டாள்.