இரண்டு பாகை ஆப்பு

கிளிநொச்சியிலிருந்து வவுனியா போகிறவர்கள் முறிகண்டியில் இறங்கி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். என் பழைய கொரோலாவின் முன்தட்டில் அந்தக் கச்சான் பையை வைத்தால், மாங்குளம் வருவதற்குள் குதித்துக் காலடிக்கு வந்துவிடும். மணிக்கு 70 கிலோமீற்றர் வரை ஒன்றுமில்லை. அதைத் தாண்டியதும் இருக்கைக்குக் கீழே ஒரு முனகல், பிறகு நடுக்கம்.

காரைத் தாழ்த்தியது நான்தான். இந்தக் கிரவல் வீதிகளில் காரைத் தாழ்த்துகிறவனுக்கு மூளை இருக்கிறதா என்று வீட்டில் கேட்டார்கள். அதற்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை. என்னுடையது கே.ஈ. 30 என்ற பழைய மாதிரி, பின் அச்சு வில்லுத்தகடுகளின் மேல் அமர்ந்திருக்கும். வில்லுக்கும் அச்சுக்கும் இடையில் 50 மில்லிமீற்றர் இரும்புக் கட்டை வைத்து, இரண்டையும் சேர்த்து இறுக்கும் நீளமான யூ போல்ட் பூட்டினால் கார் அவ்வளவுக்குக் கீழே இறங்கும். ஒரு பட்டறையில் வெட்டிப் பூட்டித் தந்தார்கள். அன்றே நடுக்கம் தொடங்கியது.

சக்கரங்களைச் சமன்செய்தேன். கியர்பொக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பெலர் ஷாஃப்ட்டைக் கழற்றி அதையும் சமன்செய்து, அதன் இரு முனையிலும் வளைந்து கொடுக்கும் மூட்டுகளான யூனிவர்சல் ஜொயின்ட் இரண்டையும் புதிதாகப் போட்டேன். காசுதான் போனது. கடைசியில் உழவு இயந்திரம் திருத்தும் அண்ணை ஒருவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். "தம்பி, காலை எடுங்கள்." எடுத்தேன், நடுக்கத்தின் சுபாவம் மாறியது. "இப்போது மிதியுங்கள்." மறுபடி மாறியது. "சமநிலைப் பிழையென்றால் மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உதறும். இது கோணப் பிழை."

சாய்ந்து நிற்கும் ஜொயின்ட் ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். முன் ஜொயின்ட் செய்யும் இந்தக் குழப்பத்தைப் பின் ஜொயின்ட் எதிராகச் செய்து அழிக்க வேண்டும். இரண்டின் கோணமும் சமமாக இருந்தால்தான் அது நடக்கும். அதாவது கியர்பொக்ஸின் கோடும், பின் அச்சில் ஷாஃப்ட் போய்ச் சேரும் டிபரென்சல் பினியனின் கோடும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக நிற்க வேண்டும்.

மருமகனின் பாகைமானியில் நூல் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டோம். காரைக் குழியின் மேல் நான்கு சக்கரங்களிலும் நிறுத்தி, என் எடையுள்ள ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் இருத்தினோம். ஜக்கில் தூக்கி, அச்சைத் தொங்கவிட்டு அளந்தால் கிடைப்பது வேறு ஏதோ காரின் கோணம். கியர்பொக்ஸின் கோட்டுக்காக எஞ்சினின் முன் கப்பி முகம், பிறகு ஷாஃப்ட் குழாய், பினியன் தட்டு மூன்றையும் மும்முறை அளந்தோம். கியர்பொக்ஸ் பின்னோக்கி 2 பாகை சரிவு, ஷாஃப்ட் 4 பாகை. 2 பாகை மேலே பார்க்க வேண்டிய பினியன் மூக்கு 1 பாகை கீழே பார்த்தது. ஆக முன் ஜொயின்ட்டில் 2, பின் ஜொயின்ட்டில் 5. கட்டையைக் கழற்றிப் பார்த்தால், 60 மில்லிமீற்றர் நீளத்தில் பின்விளிம்பு 3 மில்லிமீற்றர் தடிப்புக் கூட. அந்த நீளத்துக்கு மில்லிமீற்றர் ஒன்று ஏறத்தாழப் பாகை ஒன்று.

இங்கே நான் ஒரு மேதாவித்தனம் செய்தேன். பினியனை ஷாஃப்ட்டுக்கு நேராகவே திருப்பிவிட்டால் என்ன என்று, வில்லுக்கும் அச்சுக்கும் இடையில் 5 பாகை ஆப்பு, அதாவது ஒரு பக்கம் தடித்த தகடு, வைத்தேன். நடுக்கம் குறைந்தது, போகவில்லை. பின்னால் சுழியமானதால் முன்னாலுள்ள 2 பாகையை அழிக்க ஆளில்லை. போதாததற்கு, கோணமே இல்லாத ஜொயின்ட்டில் ஊசி உருளைகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுத்திக் குழி விழுத்தும். அண்ணை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். சொன்னால் கேட்கிற ஆளில்லை என்று நினைத்திருப்பார்.

சமாந்தரத்துக்கு 3 பாகை வேண்டும். 2 பாகைதான் வைத்தோம். மிதிக்கும்போது வில் முறுகிப் பினியன் மூக்கு எழும்பும், அதற்காக 1 பாகையை விட்டுவைத்தோம். ஆப்பின் தடித்த பக்கம் முன்னுக்கு, வில்லுத்தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடுப்போல்ட்டின் தலைக்குத் துளை. அலுமினியம் நசுங்கி யூ போல்ட் தளரும் என்று அண்ணை இரும்பிலேயே கடைந்து தந்தார். 100 கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் இறுக்கினேன்.

கச்சான் பை இப்போது ஓமந்தை வரை முன்தட்டிலேயே இருக்கிறது. பின்பெட்டியில் இரண்டு நெல் மூட்டை ஏற்றியும் அளந்தேன்: ஷாஃப்ட் 3 பாகைக்கு வந்தது, முன்னால் 1, பின்னால் 2, நடுக்கமில்லை. நான்கு மூட்டை ஏற்றினால் எப்படி என்று அண்ணை கேட்டார். ஏற்றிப் பார்க்கவில்லை. வாய்க்கால் மதகில் வயிறு தட்டிவிடும்.